பயணக் கேள்வி பதில்: முதற் பயணத்துக்குத் தனி வழிகாட்டி வேண்டுமா?

கடந்த இதழில் குறுகிய வெளிநாட்டுப் பயணங்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வழிகாட்டிகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இந்தியாவுக்குத் தலயாத்திரை போனதைத் தவிர வேறெந்த நாட்டையும் பார்த்ததில்லை. வரும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கம்போடியாவுக்குச் சென்று அங்கோர் வாட் ஆலயத்தைப் பார்த்துவர நான்கு நாள் பயணம் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறோம். நான்கு நாளுக்கும் தனி வழிகாட்டி வேண்டும் என்கிறார் பயண முகவர். யூடியூப் பார்த்துவிட்டுப் போனாலே போதும் என்கிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நான்கு நாளுக்கும் வழிகாட்டி தேவையில்லை. ஆனால் அங்கோர் வாட் ஆலயத்தைப் பார்க்கும் அந்த ஒரு முழு நாளுக்கு, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை உங்கள் இருவருக்கென்றே அமர்த்திக்கொள்ளுங்கள். அந்தப் பணம் வீண்போகாது.

இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்கென எழுப்பிய ஆலயம் அது. மேற்கு நோக்கிய அந்த ஆலயத்தின் வெளிச்சுற்று மண்டபச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்கள் நீளநெடுகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேற்கு வாசலால் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் குருச்சேத்திரப் போர், இடப்பக்கம் திரும்பினால் இலங்கைப் போர். இரண்டும் நாம் சிறுவயதிலிருந்து கேட்ட கதைகள்தானே, இதற்கு எதற்கு வழிகாட்டி என்று உங்களுக்குத் தோன்றலாம். சுவருக்கு முன்னால் போய் நிற்கும்போதுதான் சிக்கல் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒருவர்மேல் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீரர்களுக்கும் வானரங்களுக்கும் நடுவே, அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரையும், அனுமனின் தோள்மேல் நின்று வில் வளைக்கும் இராமனையும், பத்துத் தலையும் இருபது கையுமாகத் தேரில் நிற்கும் இராவணனையும் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் காலை நேரத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். தெற்குச் சுவரின் ஒரு பாதியில் சூரியவர்மனே தன் படையோடும் பரிவாரத்தோடும் ஊர்வலம் வருகிறான். அது நம் புராணங்களில் இல்லாத காட்சி, கெமர் மக்களின் சொந்த வரலாறு. யார் யாருடைய படை, எந்தக் குடை யாருக்குரியது என்பதை அந்த மண்ணின் ஆள் சொன்னால்தான் விளங்கும். அதே சுவரின் மறுபாதியில் யமனும் சித்திரகுப்தனும் தீர்ப்புச் சொல்ல, கீழ்வரிசையில் நரக தண்டனைகள் நடக்கின்றன. வகுப்பறையில் காலம் கழித்தவர்களுக்கு அந்தச் சுவரை விட்டு வர மனம் வராது. கிழக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 49 மீற்றர் நீளத்துக்குப் பாற்கடலைக் கடைகிறார்கள்.

நல்ல வழிகாட்டி நேரத்தையும் அறிந்தவராக இருப்பார். விடியற்காலையில் எல்லோரும் மேற்குப் பக்கத்துக் குளக்கரையில் சூரியோதயத்தைப் படம் பிடிக்கத் திரண்டு நிற்பார்கள். அது முடிந்ததும் பலர் காலை உணவுக்காக விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். மண்டபங்களில் கூட்டம் குறையும் அந்த இடைவெளியைப் பயன்படுத்தத் தெரிந்தவரா என்பதை அவருடைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். மற்ற நாட்களில் அதே அங்கோர் வளாகத்திலுள்ள பாயோன், தா புரோம் ஆகிய கோயில்களுக்கு ஒரு வாகனத்தை மட்டும் பேசிக்கொண்டு நீங்களே மெதுவாகச் சென்று வாருங்கள். வயதுக்கேற்ற ஓய்வும் கிடைக்கும்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் இங்கே ‘சாரதி வழிகாட்டி’ என்ற ஏற்பாட்டுக்குப் பழகியவர்கள். வாகனம் ஓட்டுபவரே இடங்களையும் விளக்கலாம் என்று இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தனியான ஓர் உரிமமே வழங்குகிறது. கம்போடியாவில் நிலைமை வேறு. அங்கே ஓட்டோக்காரர் உங்களைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வெளியே காத்திருப்பார். உள்ளே விளக்கம் சொல்பவர் சுற்றுலா அமைச்சின் உரிம அட்டை வைத்திருக்க வேண்டும். ஆகையால் முகவர் தரும் விலைப்பட்டியலில் சாரதிக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கு எவ்வளவு, நுழைவு அனுமதிக்கு எவ்வளவு என்று மூன்றையும் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். அங்கோர் வளாகத்துக்கான அனுமதி வெளிநாட்டவருக்கு ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டொலர், மூன்று நாளுக்கு 62 டொலர். இந்த விலை 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று நாள் அனுமதியைத் தொடர்ந்து மூன்று நாளும் பயன்படுத்த வேண்டிய கட்டாயமில்லை, பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளாகவும் இருக்கலாம். அனுமதி அட்டையில் உங்கள் படம் இருக்கும் என்பதால், யாரோ பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று எவராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

வழிகாட்டியை உறுதிசெய்வதற்கு முன்பு வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். அங்கே தமிழில் விளக்கம் சொல்பவரை எதிர்பார்க்க முடியாது. அவருடைய ஆங்கில உச்சரிப்பு உங்கள் காதுக்குப் பிடிபடுகிறதா என்பதுதான் முதற் சோதனை. அடுத்து, “இலங்கைப் போர்ச் சுவரில் நீங்கள் எங்களுக்கு முதலில் எதைக் காட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். ஈடுபாடு உள்ளவர் உற்சாகமாக விவரிப்பார். எல்லாம் நேரில் பார்க்கலாம் என்று மழுப்புபவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

கடைசியாக, பயணக் காலம். நமது சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாட்களில்தான் கெமர் புத்தாண்டும் வருகிறது. வழிகாட்டிகளும் சாரதிகளும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், உள்ளூர்க் கூட்டம் ஆலயத்தில் நிறைந்திருக்கும், வெயிலோ ஆண்டின் உச்சத்தில் இருக்கும். பாடசாலை விடுமுறைக்கேற்பப் பயணம் போவது உங்களுக்குப் பல காலப் பழக்கமாக இருக்கலாம். இப்போது அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லையே, டிசம்பருக்கோ ஜனவரிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். அங்கோர் வாட் ஆலயத்தின் உச்சித் தளத்துக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. பௌத்த விரத நாட்களில் அதை மூடிவிடுவார்கள். முழங்கால் வலி இருப்பவர்கள் கீழே மண்டபத்திலேயே இருந்துவிடலாம், சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: பிள்ளைகள் இருவருடன் பாங்கொக்குக்கு மூன்று நாள் போகிறோம். தம்பியின் நண்பர் ஒருவர் அங்கே வேலை செய்கிறார். உரிமம் பெற்ற வழிகாட்டிக்குக் கொடுப்பதில் பாதியைத் தந்தால் தானே தமிழில் எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கும் தமிழில் கேட்டால் விளங்கும். சம்மதிக்கலாமா?
– தாய் ஒருவர், தெஹிவளை

பதில்: பணம் கொடுத்து அவரை அழைத்துச் செல்லாதீர்கள். தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டித் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்கென ஒதுக்கப்பட்டது. உரிமம் இல்லாத வெளிநாட்டவர் கூலிக்கு வழிகாட்டினால் அது சட்டப்படி குற்றம். அரண்மனை வாசலில் அதிகாரிகள் விசாரித்தால் உங்களுக்கு ஒரு நாள் கெடும், அவருக்கு வேலையும் வதிவிட அனுமதியும் பறிபோகக்கூடும். நண்பராக வந்து உங்களோடு ஒருவேளை சாப்பிட்டு, பிள்ளைகளோடு ஊர் சுற்றுவதில் எந்தத் தடையும் இல்லை. அதற்குக் கூலி பேசாதீர்கள்.

பாங்கொக்கில் வழிகாட்டி பயன்படும் இடம் பேரரண்மனை வளாகம். அதனுள் இருக்கும் மரகதப் புத்தர் கோயிலின் சுற்று மண்டபத்தில், தாய்லாந்தின் இராமாயணமாகிய இராமகியன் 178 ஓவியங்களாகத் தொடர்ச்சியாகத் தீட்டப்பட்டிருக்கிறது. அனுமன் அங்கே நம்முடைய பிரமச்சாரி அனுமன் அல்லன். காதலும் குறும்பும் மிக்க அந்த அனுமனைப் பிள்ளைகள் வியப்போடு பார்ப்பார்கள். இந்த இடத்துக்கும், பக்கத்தில் 46 மீற்றர் நீளச் சயனப் புத்தர் இருக்கும் வாட் போவுக்குமாக அரை நாளுக்கு மட்டும் ஒருவரை அமர்த்துங்கள். மீதியைப் படகிலும் வான்வழி ரயிலிலும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சீலோம் வீதி மாரியம்மன் கோயிலுக்குப் போக எவருடைய உதவியும் வேண்டியதில்லை.

அரண்மனைக்குச் செல்லும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் உங்களை மறித்து, “இன்று காலை பூசை நடப்பதால் மூடியிருக்கிறது, பிற்பகலில்தான் திறக்கும், அதுவரைக்கும் மலிவாக ஓட்டோவில் வேறு கோயில்களைக் காட்டுகிறேன்” என்று கனிவாகச் சொல்லக்கூடும். அந்த ஓட்டோ கடைசியில் ஒரு இரத்தினக்கல் கடை வாசலில்தான் நிற்கும். ஏதாவது அரச வைபவம் இருந்தாலொழிய அரண்மனை நாள்தோறும் காலை எட்டரை மணிக்குத் திறக்கப்படுகிறது. வாசல்வரை சென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தினபுரி இருக்கும் நாட்டிலிருந்து போய்ப் பாங்கொக்கில் நீலக்கல் வாங்கி ஏமாந்து வருபவர்களை என்னவென்று சொல்வது!

கேள்வி: இணையத்தில் ஒரே இடத்துக்கு ஒரு வழிகாட்டி கேட்கும் கட்டணம் மற்றவருடையதைவிட மூன்று மடங்காக இருக்கிறது. குறைந்த விலைக்காரரை அமர்த்தினால் என்ன குறை வந்துவிடும்?
– வணிகர், வத்தளை

பதில்: நீங்கள் வணிகர், எந்தப் பொருளையும் அடக்க விலைக்குக் கீழே எவரும் காரணமின்றி விற்கமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். கண்டிக்குப் போகும் சுற்றுலா வான்கள் மாத்தளையில் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு முன்னால் ஏன் தவறாமல் நிற்கின்றன என்பதும் நமக்குப் புதிய செய்தியல்ல. அதே கொமிசன் ஏற்பாடு எல்லா ஊரிலும் உண்டு. பட்டுக் கடை, கம்பளக் கடை, தோல் பொருட் கடை, தேயிலைக் கடை என்று பொருள் மட்டும் மாறும். குறைந்த கட்டணக்காரரில் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்த இளைஞர்கள் சிலர் அக்கறையோடு குறைந்த விலைக்கு வேலை செய்வதுண்டு. ஆனால் இரண்டு நாள் மட்டுமே தங்கப்போகும் ஒருவருக்கு, கடைகளில் கழியும் இரண்டு மணித்தியாலம் எந்தக் கழிவையும்விடப் பெரிய நட்டம்.

ஆகவே பேரம் பேசுவதற்கு முன்பே எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். “நாங்கள் எந்தக் கடைக்கும் போக விரும்பவில்லை, மதிய உணவை நாங்களே தெரிவுசெய்வோம், அதற்கேற்றபடி உங்கள் கட்டணத்தைச் சொல்லுங்கள்” என்று அதில் தெளிவாக இருக்கட்டும். இதைப் பார்த்ததும் சிலர் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். அதில் கோபப்பட எதுவும் இல்லை, அவருடைய உண்மையான கூலி அதுதான். கட்டணம் ஒரு ஆளுக்கா, முழுக் குழுவுக்கா என்பதையும், எத்தனை மணித்தியாலம் என்பதையும், வழிகாட்டிக்குரிய நுழைவுக் கட்டணத்தையும் உணவையும் யார் ஏற்பது என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். விலை வேறுபாட்டில் பாதி அங்கேயே கரைந்துபோகும். மேலும், உங்களோடு பேசிய அதே ஆள்தான் நேரில் வருவாரா, அல்லது வேறொருவரை அனுப்புவாரா என்பதைக் கேட்க மறவாதீர்கள். இணையத்தில் நல்ல பெயர் வாங்கியவர் ஒருவராகவும், காலையில் விடுதி வாசலில் வந்து நிற்பவர் இன்னொருவராகவும் இருப்பது அரிதல்ல.

கேள்வி: சிங்கப்பூருக்கு இரண்டு நாள் அலுவலகப் பயணம். ஒரு மாலை நேரம் மட்டும் கிடைக்கும். வழிகாட்டி அவசியமா?
– வங்கி ஊழியர், பம்பலப்பிட்டி

பதில்: அவசியமில்லை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் ஊர், ரயில் நிலையப் பலகைகளிலேயே தமிழ் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தையும், 1827இல் தொடங்கப்பட்ட சவுத் பிரிட்ஜ் வீதி மாரியம்மன் கோயிலையும் தனியாகவே பார்க்கலாம். அதற்கு மேலும் ஒருவர் வேண்டுமானால், சிங்கப்பூர்ச் சுற்றுலாச் சபையின் உரிம அட்டையை அணிந்தவராகப் பார்த்து அமர்த்துங்கள்.

கேள்வி: எங்கள் பங்கைச் சேர்ந்த பன்னிரண்டு பேர் உரோமைக்குப் போக ஆயத்தமாகிறோம். மூன்று நாளில் வத்திக்கானையும் கொலோசியத்தையும் பார்க்க வேண்டும். வழிகாட்டிக்கு இப்போதே முழுப் பணத்தையும் அனுப்பினால் பத்து வீதம் கழிவு தருவதாகச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
– பங்கு உறுப்பினர், கொட்டாஞ்சேனை

பதில்: விசா கையில் கிடைக்கும்வரை, திருப்பித் தரப்படாத பணம் எதையும் எவருக்கும் அனுப்பாதீர்கள். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பத்து வீதக் கழிவு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிறு முற்பணம் கேட்பது நியாயம். மீதியை நாள் முடிவில் நேரில் தருவதாகவோ, குறித்த ஒரு தேதிவரை இலவசமாக இரத்துச் செய்ய அனுமதிக்கும் இணைய முன்பதிவுத் தளத்தில் அட்டை மூலம் செலுத்துவதாகவோ பேசிக்கொள்ளுங்கள். தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்கு இங்கிருந்து அனுப்பும் பணம், ஏதும் தகராறு வந்தால் திரும்பி வருவது கடினம். உங்கள் அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பதும் நல்லது.

வழிகாட்டியை எங்கே பயன்படுத்துவது என்பது அடுத்த கேள்வி. புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழையக் கட்டணமே இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசையில் மட்டும் நிற்க வேண்டும். ஆகவே சதுக்கத்தில் வந்து ‘வரிசையில்லாமல் அழைத்துப் போகிறேன்’ என்பவர்களிடம் எதையும் வாங்காமல் நடந்துவிடுங்கள். புதன்கிழமைகளில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்புக்கான அனுமதிச் சீட்டும் இலவசமே. அதற்குப் பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார். வழிகாட்டி தேவைப்படுவது வத்திக்கான் அருங்காட்சியகங்களுக்குத்தான். அங்கே நடைபாதைகள் மிக நீளமானவை, சனத்திரளோ சொல்லிமாளாது. எதைப் பார்ப்பது, எதைக் கடந்துபோவது என்று ஒருவர் சொல்லாவிட்டால் சிஸ்டைன் சிற்றாலயத்தை அடையும்போது கால்கள் ஓய்ந்திருக்கும். சிற்றாலயத்தினுள் பேச அனுமதியில்லை. வழிகாட்டிகளும் வாய் திறக்க முடியாது. மைக்கல் ஆஞ்சலோவின் கூரை ஓவியங்களையும் பீடத்துக்குப் பின்னாலுள்ள ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தையும் பற்றிய விளக்கத்தை, வெளி முற்றத்தில் இருக்கும் படப் பலகைகளுக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த விளக்கத்துக்குப் போதிய நேரம் ஒதுக்கும்படி வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். அவசரக்காரர்கள் சுருக்குவது அந்த இடத்தில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறந்திருக்கும், அன்று கூட்டம் தாங்காது.

கொலோசியத்துக்கான சீட்டுகள் இப்போது பெயர் குறித்தே வழங்கப்படுகின்றன, வாசலில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்மவர்களுக்குத்தான் இது தலைவலி. பாட்டன் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து கடவுச்சீட்டில் ஒரு முழு வரியை நிரப்பியிருக்கும். ஊரில் எல்லோரும் அறிந்த பெயரோ வேறாக இருக்கும். வீட்டுப் பெயரை எழுதிக் கொடுத்துவிடாமல், பன்னிரண்டு பேரின் பெயர்களையும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளிலேயே பிரதி செய்து வழிகாட்டிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு ஆண் வழிகாட்டி சரிவருமா? அம்மா பயப்படுகிறார்.
– இளம் பொறியியலாளர், கிருலப்பனை

பதில்: பெண் வழிகாட்டி வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். பெரிய சுற்றுலா நகரங்களில் அவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும் முதற் சந்திப்பு விடுதியின் வரவேற்பு மண்டபத்தில் இருக்கட்டும். உரிம அட்டையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள், வரவேற்பு மேசையில் இருப்பவரிடமும் வழிகாட்டியின் பெயரைச் சொல்லி வையுங்கள். முறையான வழிகாட்டி இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். முதல் நாளுக்கு, அறிமுகமில்லாத ஒருவரோடு காரில் தூர ஊருக்குப் போவதைவிட, நகருக்குள்ளேயே நான்கைந்து பேர் கொண்ட நடைச் சுற்றுலா ஒன்றில் சேர்ந்துகொள்வது அம்மாவின் மனதுக்கும் உங்களுக்கும் இலகுவாக இருக்கும். அதில் வந்த வழிகாட்டி மனதுக்குப் பிடித்துப்போனால் மறுநாளைக்கு அவரையே தனியாக அமர்த்தலாம்.

கேள்வி: வேலை முடிந்ததும் வழிகாட்டிக்குச் சந்தோசம் கொடுக்க வேண்டுமா? எவ்வளவு?
– வாசகர், மட்டக்குளி

பதில்: நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஜப்பானில் அப்படிக் கொடுக்கும் வழக்கம் இல்லை, நீட்டினால் சங்கடப்படுவார்கள். சிங்கப்பூரில் எதிர்பார்க்கமாட்டார்கள். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் கட்டாயம் இல்லையென்றாலும், நன்றாக வேலை செய்தவருக்குக் கொடுப்பதே வழக்கம். முழு நாள் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் மனக்குறை இராது. சாரதிக்கு வேறாகக் கொடுங்கள். வழிகாட்டியிடம் சேர்த்துக் கொடுத்து, பங்கிடும்படி விடாதீர்கள். கம்போடியாவில் டொலர் தாராளமாகப் புழங்கினாலும், சிறு கிழிசல் உள்ள நோட்டைக்கூட வாங்கமாட்டார்கள். இங்கே நாணய மாற்று நிலையத்தில் பணம் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் விரித்துப் பார்த்து, கிழிசலும் கீறலும் இல்லாத சிறு நோட்டுகளாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.